நான்காம் பாட்டுக்கும் ஐந்தாம் பாட்டுக்கும் நடுவில்

பாலையூற்று,
திருகோணமலை.
09.03.2025

என் மருமகள் மெலனிக்கு,

மாதா காவலில் நாங்கள் எல்லாரும் இருக்கிறோம். நீயும் சுகமாய் இருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். கேட்டு அறிய வழியில்லை, என்னுடைய நம்பரைத்தான் நீ அடைத்துப்போட்டாயே. ஐம்பத்தெட்டு வயது மனிசன், உன் தாய்மாமன், ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்து “ஒப்பரேசன் முடிஞ்ச பிறகு வந்து என்ன பிரயோசனம்” என்று ஒரு வார்த்தை கேட்டதற்கு இப்படி ஒரு தண்டனை. இப்போது, “மாமாவை எழுதச் சொல்லுங்கோ” என்று அம்மாவின் போனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாய். எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாலும் கடிதத்தில் என்னை வெல்ல இந்தத் துறைமுகத்தில் ஆளில்லை. அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்கிறவர்களே வந்து என்னிடம் எழுதுவித்துக்கொண்டு போவார்கள்.

கொழும்பு பஸ்ஸில் கொண்டக்டர் இன்ஷாப்பின் கையில் ஒரு டிஸ்க் கொடுத்துவிட்டிருக்கிறேன். உன் அம்மா தானே மெட்டுக் கட்டின ஒன்பது பாட்டும் அதில் இருக்கிறது. பெப்ரவரி எட்டாம் திகதி, ஒப்பரேசனுக்கு ஒன்பது நாள் முதல், உட்துறைமுக வீதியில் உங்கள் வீட்டு முன்னறையில் பதிந்தனான். தொண்டையைத் திறந்தால் குரல் மிஞ்சாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நீ வந்து பதிவதாகச் சொன்னாய், மூன்று தரம் சொன்னாய். நீ வரவில்லை, நான் பதிந்தேன்.

எப்படிப் பதிந்தேன் என்று கேள். ஜன்னலெல்லாம் மெத்தை. அக்கா வாயைத் திறக்க, மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பல் ஊதத் தொடங்கியது. துறைமுகத்து மேலதிகாரிக்கு ஒரு கோல் போட்டேன். “தம்பிராசாவோ, சொல்லுங்கோ” என்றார். இரண்டு மணித்தியாலம் ஒரு கப்பல் ஊதவில்லை. கடற்படைப் படகுகள் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுத் துடுப்பில் போனதை நான் கண்ணால் கண்டேன்.

எல்லாம் இருபத்து நான்கு பிட். உன் கொழும்பு ஒலிப்பதிவுப் படிப்பில் சொல்லித் தந்ததற்கு ஒரு புள்ளி குறையாது. செப்டெம்பர் திருநாளுக்குக் கோயிலில் சீடியாக வெளியிடுவதாக ஃபாதர் பூசையில் அறிவித்துவிட்டார். உன் மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாவற்றையும் அதற்குள் முடி. நேரத்துக்குச் சாப்பிடு, கோபத்தைத் தின்று வயிறு நிறையாது.

இப்படிக்கு,
கோபம் இருந்தாலும் மாமன்தான்,
செ. தம்பிராசா
(தம்பிராசா சவுண்ட்ஸ்)


வெள்ளவத்தை,
21.03.2025

மாமாவுக்கு,

நான் சுகம். அம்மாவுக்குச் சாப்பாடு இறங்குகிறதா என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம். கப்பல்களைப் பற்றி எழுத இடம் இருந்திருக்கிறது.

ஏன் எழுதச் சொன்னேன் என்றால், போனில் நீங்கள் ஒரு விசயத்தை மூன்று விதமாகச் சொல்வீர்கள். நாலாவது நாள் கேட்டால் மூன்றையும் சொல்லவில்லை என்பீர்கள். கடதாசியில் எழுதினது எழுதினபடி நிற்கும்.

டிஸ்க் கிடைத்தது. அம்மா மெதுவாகத்தான் பாடியிருக்கிறா. அவவுக்குத் தொண்டை நோ இருந்திருக்கும். நீங்களும் சிவப்பு விளக்கு எரிந்துவிடுமோ என்று பயந்து பதிவு மட்டத்தை மிகவும் தாழ்த்தி வைத்திருக்கிறீர்கள். இருபத்து நான்கில் பதிந்திருந்தால் அது பெரிய பிழை இல்லை, நான் தூக்கி எடுத்துவிடுவேன். ஆனால் தூக்கிப் பார்த்தால் அவவின் சொல் முடிகிற இடமெல்லாம் புல்மோட்டை மணலைக் காதுக்குள் போட்டு அரைத்த மாதிரி இருக்கிறது. “தாயே” என்று இழுத்து மெல்ல மெல்ல விடுகிறா, அந்த ஓரம் முழுக்க உடைந்து கொட்டுகிறது. இது இருபத்து நான்கு பிட்டில் வருகிற சத்தம் இல்லை.

நீங்கள் அனுப்பியது மூலப் பதிவு இல்லை. றெக்கோடரில் இருந்த கார்டை அப்படியே அனுப்புங்கள். வெட்டாமல், ஒட்டாமல், தொடாமல். அம்மா இனிப் பாடப்போவதில்லை. என்னிடம் இருக்கப்போவது இது ஒன்றுதான், அதையும் மணலோடு வைத்திருக்க என்னால் ஏலாது.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மெலனி


பாலையூற்று,
02.04.2025

மருமகளுக்கு,

உன் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்குகிறது. கஞ்சியும் ரசமும் அவித்த மீனும். பாதி நேரம் கொப்பியில் எழுதிக் காட்டுகிறா, மீதி நேரம் கண்ணால் உருட்டுகிறா, இரண்டும் எங்களுக்கு விளங்குகிறது. நீ கேட்டாய் என்று சொன்னேன். கொப்பியை மூடி வைத்துவிட்டா.

இனி விசயத்துக்கு வருகிறேன். மூலப் பதிவு இல்லையாம். முப்பது வருசம் மைக் பிடித்த கையைப் பார்த்து முந்தநாள் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? வேளாங்கண்ணிக்குப் போன ஒரு கப்பல் கப்டன் திருநாள் கொடியேற்றத்தில் என் ஒலிபெருக்கியைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தவன். அவன் ஜெர்மன்காரன். அவன் காதில் மணல் அரைபடவில்லை.

பிட் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாய். சத்தத்தை ஏற்றி இறக்குகிற படிதான் பிட். பதினாறு என்றால் அறுபத்தையாயிரம் படி. இருபத்து நான்கு என்றால் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் படி. எந்த மனிசன் அவ்வளவு படி ஏறுகிறான்? கோணேசர் கோயில் படியிலேயே பாதியில் நின்று இளைக்கிற சனம். பதினாறே தாராளம். பதினாறில் ஒரு நன்மையும் இருக்கிறது, சின்னச் சத்தமெல்லாம் தானாக உதிர்ந்துவிடும். மின்விசிறி, காகம், பக்கத்து வீட்டுக் குக்கர் எல்லாம் போய் பாட்டு மட்டும் நிற்கும். நீ கேட்டுப்பார், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் எவ்வளவு சுத்தம். பளிங்கு.

பதினாறு என்று நான் சும்மா உதாரணத்துக்குச் சொன்னேன். உனக்கு அனுப்பினது இருபத்து நான்குதான்.

கார்டெல்லாம் கேட்காதே. பாட்டு ஒன்பதும் உன் கையில் இருக்கிறது, அதில் வேலையைச் செய். உடம்பைப் பார்த்துக்கொள், அங்கே மழை என்று செய்தியில் சொன்னான்.

மாமா


வெள்ளவத்தை,
10.04.2025

மாமாவுக்கு,

நான் சுகம். மழை இல்லை.

நீங்கள் உதாரணம் சொன்ன பிறகு கணினியில் திறந்து எண்களைப் பார்த்தேன். இருபத்து நான்கு பிட் என்றால் சத்தத்தின் ஒவ்வொரு துளியும் ஒன்றும் பூச்சியமுமாக இருபத்து நான்கு இடங்களில் எழுதப்பட்டிருக்கும். உங்கள் டிஸ்க்கில் நாற்பத்தேழு நிமிடமும், ஒரு துளி தவறாமல், கடைசி எட்டு இடமும் பூச்சியம். மனிதக் குரல் அப்படி இருக்காது. ஒரு பதிவைப் பதினாறுக்கு இறக்கி, கீழ் எட்டையும் வெட்டி எறிந்துவிட்டுப் பிறகு இருபத்து நான்கு என்று பெயர் வைத்தால் மட்டும்தான் அப்படி இருக்கும். குட்டையாக வெட்டின சட்டையை நீட்டி மடித்து அனுப்பியிருக்கிறீர்கள்.

உங்கள் பளிங்கையும் பார்த்தேன். பாட்டுகளுக்கு நடுவில் இரண்டு இரண்டு விநாடி வெறும் பூச்சியம். பதினாறு பிட் காகத்தைக் கொல்லாது, மாமா. உட்துறைமுக வீதியில் பகல் பத்து மணிக்குக் காகமும் மின்விசிறியும் எத்தனை பிட்டிலும் கேட்கும். அந்த இடங்களை நீங்கள் கையால் அழித்திருக்கிறீர்கள்.

நான் கேட்பது கஷ்டமான விசயம் இல்லை. கார்டை இன்ஷாப்பிடம் கொடுங்கள். பெரிய வியாழனுக்கு முதல் கிடைத்தால் விடுமுறையில் வேலை செய்வேன்.

அம்மா கொப்பியை மூடினா என்று எழுதியிருந்தீர்கள். ஏன் என்று கேட்டீர்களா?

மெலனி


பாலையூற்று,
04.05.2025

மருமகளுக்கு,

உயிர்த்த திருநாள் நல்லபடி நடந்தது. உன் அம்மா பூசைக்கு வந்தா. பாட்டுக்காரப் பிள்ளைகள் சுருதி விட்ட இடத்தில் கையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தா, ஓர்கன்காரன் இரண்டு கட்டை இறங்கிவிட்டான்.

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், மனவருத்தம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கார்டு கடலில். மார்ச் மாதம் பதினைந்தாம் திகதி கட்டைபறிச்சானில் நம்மட சனத்தில் ஒரு கலியாணம், ஒலிபெருக்கி நான்தான். மூதூர் லாஞ்சில் போகும்போது சட்டைப் பையில் கார்டு. கொட்டியாரக் குடாவின் நடுவில் ஒரு திமிங்கிலம் எழும்பினது, பஸ் அளவு. எல்லாரும் ஒரு பக்கம் ஓட லாஞ்ச் சரிந்தது, நான் ஒரு குழந்தையைப் பிடிக்கக் குனிந்தேன், கார்டு போச்சு. கடற்படைச் சுழியோடிகள் இரண்டு பேர் எனக்காக இறங்கித் தேடினார்கள். அடியில் வெள்ளைக்காரன் காலத்துப் பீரங்கி இருக்கிறதாம், கார்டு இல்லையாம்.

அது போகட்டும். உன்னிடம் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். கோயிலில் விற்கப்போகிற சீடி எத்தனை பிட்? பதினாறு. உலகத்தில் எந்தச் சீடியும் பதினாறு. நீ கடைசியில் எதற்கு இறங்கப்போகிறாய்? பதினாறுக்கு. நீ இறக்கினால் மாஸ்டரிங், மாமா இறக்கினால் குற்றம். எட்டாம் வகுப்புக்காரனுக்கு விளங்குகிற கணக்கு உனக்கு விளங்கவில்லையோ? பதில் எழுதும்போது பூச்சியத்தைப் பற்றி எழுதாதே, எனக்குப் பிரசர் ஏறுகிறது.

மாமா


வெள்ளவத்தை,
15.05.2025

மாமாவுக்கு,

மார்ச் பதினைந்து தவக்காலம். தவக்காலத்தில் நம்முடைய ஆட்களுக்குக் கலியாணம் கட்டி வைத்த சுவாமி யார்? பெயரை எழுதுங்கள், ஆயருக்கு அறிவிக்கலாம். திமிங்கிலத்தை நான் தொடவே இல்லை.

உங்கள் கேள்விக்குப் பதில். ஓம், நானும் பதினாறுக்கு இறக்குவேன். எல்லா வேலையும் முடிந்த பிறகு, குரலைத் தூக்கி, சமன் பார்த்து, கடைசிக் கதவில் ஒரே ஒரு தரம். அதற்கும் ஒரு மெல்லிய இரைச்சலைத் தூவித்தான் இறக்குவேன், அப்போதுதான் சொல்லின் ஓரம் உடையாது. நீங்கள் முதல் கதவிலேயே வெட்டிவிட்டீர்கள். வெட்டிய பிறகு நான் தூக்கினால் வெட்டும் சேர்ந்து எழும்பும். கலியாண வீட்டில் “மைக் டெஸ்டிங்” சொல்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாவிட்டால் தொடாமல் இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் மூன்று கதை சொல்லியாகிவிட்டது. மூலமே அதுதான் என்றீர்கள், பதினாறின் நன்மை என்றீர்கள், இப்போது கடல். எனக்கு விளங்குவது ஒன்றுதான். உங்களுக்கு ஒன்றும் தெரியாது, தெரியாது என்று சொல்ல வாயும் வராது. அந்த வாயால் என் அம்மாவின் குரலை அழித்துவிட்டீர்கள்.

திருநாளுக்குச் சீடி வராது. ஏன் வராது என்று ஃபாதருக்கு நானே எழுதப்போகிறேன், உங்கள் பெயரைப் போட்டு. பூசையில் அறிவித்தவர் பூசையிலேயே காரணத்தையும் சொல்லட்டும். சனம் கேட்கட்டும், தம்பிராசா சவுண்ட்ஸ் எப்படிப்பட்டது என்று.

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது மனம் இல்லை.

மெலனி


பாலையூற்று,
22.06.2025

மெலனிக்கு,

உன் அம்மா சுகம். தையல் எல்லாம் ஆறிவிட்டது.

நீ எழுதினது சரி. எனக்கு அந்தப் பிட் விசயம் தெரியாது. ஏதோ தெரிந்த மாதிரிக் கையை வைத்துவிட்டேன், பழுதாய்ப் போச்சு. ஃபாதருக்கு எழுது. பெயரை முழுதாய்ப் போடு, இந்த ஊரில் தம்பிராசா நாலு பேர் இருக்கிறார்கள்.

வெயில் கடுமை. தண்ணி குடி.

தம்பிராசா


வெள்ளவத்தை,
03.07.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். அதில் கப்பல் இல்லை, கடற்படை இல்லை, ஜெர்மன்காரன் இல்லை. எனக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்லி நான் பிறந்து முப்பத்தொரு வருசத்தில் கேட்டதில்லை. தையற்கடையில் காற்சட்டை அளவு எடுப்பவனுக்கே எப்படி அளப்பது என்று சொல்லிக்கொடுத்த ஆள் நீங்கள். பிழையை நீங்கள் இவ்வளவு இலகுவில் ஏற்றுக்கொள்வதென்றால், அதற்குள் வேறொன்று இருக்கிறது.

ஃபாதருக்கு இன்னும் எழுதவில்லை. பாட்டுகளைத் திரும்ப எடுத்துக் கேட்டேன், மணலை விட்டுவிட்டு மூச்சை மட்டும். நான்காவது பாட்டை அம்மா முடிக்கும்போது மூச்சு ஒழுங்காக இருக்கிறது. ஐந்தாவதைத் தொடங்க முதல் மூச்சு வாங்குகிறது, மூன்று மாடி ஏறி வந்தவர் போல. குரலும் இரண்டு மடங்கு. ஒன்பதிலும் அதுதான் திறமான பாட்டு. மற்ற எட்டையும் நோயாளி பாடினா, அதை என் அம்மா பாடினா. நீங்கள் நடுவில் வைத்திருப்பது இரண்டு விநாடி. இரண்டு விநாடியில் ஒரு மனிசிக்கு அப்படி மூச்சு வாங்காது.

நடுவில் என்ன இருந்தது? எதை வெட்டினீர்கள்? அவவுக்கு ஏதும் வருத்தம் வந்ததா? விழுந்தாவா? டொக்டர் சொன்ன ஏதாவதை என்னிடம் மறைக்கிறீர்களா?

உங்களிடம் மட்டும் கேட்டுப் பயனில்லை. “மாமா பதிவை வெட்டி அழித்துவிட்டார், நடுவில் என்ன நடந்தது” என்று அம்மாவின் போனுக்கும் எழுதியிருக்கிறேன். அவ எனக்குப் பதில் போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பார்ப்போம்.

மெலனி


பாலையூற்று,
20.07.2025

மெலனிக்கு,

பார்த்தாயிற்று. நீ அனுப்பின செய்தியோடு உன் அம்மா முச்சக்கரவண்டி பிடித்துப் பாலையூற்றுக்கு வந்து இறங்கினா. என் கடைக்கு நடுவில், கிராமசேவகர் கதிரையில் இருக்க, கொப்பியை விரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தா. “அழிச்சியோ?” என்று எழுதியிருந்தது. நான் திமிங்கிலத்தைத் தொடங்கினேன். மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை என் காதைத் தொட்டுக்கொண்டு பின்சுவரில் உடைந்தது. அறுபத்திரண்டு வயது மனிசி, பதினைந்தடி தூரம். இந்தியக் கிரிக்கெட் அணியில் அப்படி எறிகிற ஆள் இல்லை.

கார்டு இத்தோடு வருகிறது. கடலில் போகவில்லை. அலுமாரியில், என் கலியாணச் சட்டைப் பைக்குள் இருந்தது.

இனி நான் எழுதுவதில் ஒரு வரி கூட்டவில்லை. வேண்டுமென்றால் நம்பு. அன்று சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும் நீ வருவாய் என்று அக்கா காத்திருந்தா. இடியப்பம் அவித்து வைத்திருந்தா. படத்து வேலை முடியவில்லை, வர ஏலாது என்று நீ செய்தி போட்டாய். சனி காலையில் நான் றெக்கோடரோடு போனேன். நாலு பாட்டுப் பாடினா, சத்தம் எழும்பவே இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. “அக்கா, இன்னும் ஒன்பது நாள் இருக்கு. அவள் அடுத்த கிழமை வந்தால் வடிவாய்ப் பதிவாள். நிப்பாட்டுவமா?” என்று கேட்டுப்போட்டேன்.

அதற்குப் பிறகு ஏழு நிமிடம். என்ன சொன்னா என்று நான் எழுத மாட்டேன். நீயே கேள். நான் றெக்கோடரை நிற்பாட்டவில்லை, பயத்தில் கை எழும்பவில்லை.

ஒப்பரேசன் முடிந்து குரல் போன பிறகு நான் யோசித்தேன். உன் தாயின் குரலில் மிஞ்சின ஒரே பேச்சு உன்னைப் பற்றி அதுவாக இருந்தால், நீ எப்படி அதோடு இருப்பாய்? வெட்டினேன். என் பழைய கம்ப்யூட்டரில் வெட்டுகிற புறோகிராம் பதினாறைத்தான் எடுக்கும், அதனால் பதினாறு. பிறகு உனக்குத் தெரியாமல் இருக்கத் திரும்ப இருபத்து நான்காய் மாற்றி வைத்தேன். ஒரு இடத்தில் மட்டும் வெட்டினால் நீ பிடித்துவிடுவாய் என்று எல்லா நடுவையும் அழித்தேன். அந்தக் கடைசி எட்டுப் பூச்சியம் எனக்குத் தெரியாதுதான். அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

கார்டை அழிக்கவென்று இரண்டு தரம் கம்ப்யூட்டரில் போட்டேன். முடியவில்லை. அந்தத் திட்டில் அக்காவின் குரல் எவ்வளவு தெளிவு தெரியுமோ, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி. முப்பது வருசத்தில் நான் பதிந்ததில் திறம் அதுதான். அப்படிப்பட்டதை எந்தச் சவுண்ட்காரன் அழிப்பான்?

எனக்கு உங்கள் இரண்டு பேரிலும் கோபம். அவ உன்னைத் திட்டினா, நீ என்னைத் திட்டினாய், கோப்பை என் மேல் வந்தது. காது சுகம் என்று சொல்லிவைக்கிறேன், நீ கேட்க மாட்டாய்.

மாமா


வெள்ளவத்தை,
02.08.2025

அன்புள்ள அம்மா,

நீங்கள் பூசைக்குப் போகிறீர்கள், கோப்பை எறிகிறீர்கள் என்று மாமா எழுதினார். சுகம்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஏழு நிமிடத்தையும் கேட்டேன். ஒன்பது தரம் கேட்டேன். “ஆர் ஆர்ற பாட்டெல்லாம் கழுவித் துடைச்சுக் காயப்போட அவளுக்கு நேரமிருக்கு, பெத்தவளின்ட தொண்டைக்கு நேரமில்லை” என்கிறீர்கள். “நான் செத்தாலும் ஏதோ மிக்ஸிங் முடிச்சிட்டுத்தான் வருவாள், பெட்டியைத் திறந்து வையுங்கோ” என்கிறீர்கள். மாமா “அக்கா, அக்கா” என்று கெஞ்சுகிறார், அதற்கும் அடி விழுகிற சத்தம் கேட்கிறது. கடைசியில், “இதை அவளுக்குக் குடுக்காதே. என்ட குரல் அவளுக்குத் தேவையில்லை” என்கிறீர்கள். அந்த வாயோடு ஐந்தாவது பாட்டை எடுக்கிறீர்கள்.

எனக்கும் கோபம் வந்தது, அம்மா. நீங்கள் சொன்னதில் ஒன்று பிழை. நான் வராததற்குப் படத்து வேலை காரணம் இல்லை. அந்த வேலை வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. நான் மைக்கை உங்கள் முன்னால் வைத்தால், இதுதான் கடைசி என்று நானே உங்களுக்குச் சொன்ன மாதிரி ஆகும். பஸ் நிலையம் வரைக்கும் போய்த் திரும்பினேன், மூன்று தரமும். அதை மாமாவிடம் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லவில்லை. பயம் என்று எழுத வெட்கமாக இருந்தது, வேலை என்று எழுதினேன். அதற்காக நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் ஒன்பது தரம் இல்லை, பத்தாவது தரமும் கேட்டிருப்பேன்.

மூலப் பதிவில் மணல் இல்லை. “தாயே” என்று இழுத்து விடுகிற இடம் கடைசி வரைக்கும் இருக்கிறது. தூக்கினாலும் உடையவில்லை. திருநாளுக்கு முடித்துவிடுவேன். நீங்கள் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஏழு நிமிடத்தை வெட்டினால் ஐந்தாவது பாட்டு ஏன் அப்படித் தொடங்குகிறது என்று ஒருவருக்கும் விளங்காது. வெட்டாவிட்டால் கோயில் முழுக்க நீங்கள் என்னைத் திட்டுவதைக் கேட்கும். நான் தாங்குவேன். முடிவு உங்களுடையது. மாமா என்னைக் கேட்காமல் வெட்டினார், நான் உங்களைக் கேட்காமல் வெட்ட மாட்டேன்.

மெலனி


உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
14.08.2025

மெலனி,

சாப்பாடு இறங்குகிறது. நித்திரை வருகிறது. குரல் இல்லை. வேறு சுகம் ஒன்றும் எழுதுவதற்கில்லை.

சீடியில் அதைப் போடாதே. சனத்துக்கு என் பாட்டு மட்டும் காணும். என் வீட்டுச் சண்டையை ஃபாதர் ஏன் கேட்கவேண்டும்? ஐந்தாவது பாட்டு விளங்காவிட்டால் விளங்காமல் இருக்கட்டும். ஆனால் உன்னிடம் இருப்பதில் ஒரு சொல்லும் வெட்டாதே. அது உனக்குச் சொன்னது. தம்பிராசா நடுவில் நின்றான், அவ்வளவுதான். குடுக்காதே என்றதையும் அவன் கேட்கவில்லை. என் சொல்லை அவன் எப்போது கேட்டான்? அதற்கு அன்றைக்கு எறிந்த கோப்பை கணக்கில் சேராது, இன்னும் ஒரு கோப்பை எறிய இருக்கிறது.

பஸ் நிலையம் வரைக்கும் வந்து திரும்பினாயாம். எனக்குப் பயமில்லை என்று நினைத்தாயோ? எனக்குத்தான் தொண்டை. நான் பாடினேனே.

சொன்னதில் ஒன்றையும் நான் திருப்பி எடுக்கப்போவதில்லை. இன்னும் எவ்வளவோ இருக்கிறது, மூன்று தரத்துக்கும் தனித்தனியாக. ஆனால் எழுத்தில் திட்டிப் பழக்கமில்லை. ஒரு வரி முடிய முதல் கை உளைகிறது, கோபமும் ஆறிப்போகிறது. எனக்கு ஆற விருப்பமில்லை.

திருநாளுக்கு முதல் கிழமை வா. என் முன்னால் கதிரையைப் போட்டு இரு. நான் கொப்பியில் எழுத எழுத நீ வாசிக்க வேண்டும், சத்தமாக, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. நான் நிறுத்தச் சொல்லும் வரைக்கும் நிறுத்தக் கூடாது.

அம்மா